தக்கை

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள்.
நாகூரில் வாங்கிய கப்பல் படம் போட்ட காந்தத்தை
பிரிட்ஜிலிருந்து பிடுங்கி வந்தேன்.
பானெட்டில் ஒட்டியது.
டிரைவர் பக்கக் கதவில்
பாதி தூரம் ஒட்டிக்கொண்டே வந்து
பொத்தென்று விழுந்தது.
எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது.
அந்த இடத்தில் கார் இல்லை.
கார் மாதிரி தேய்த்த பட்டி இருந்தது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அறுபத்தாறாம் வருஷத்து வண்டி.
வேதாரண்யத்தில் உப்பு ஏலம் எடுத்தவர் ஒருவர் வைத்திருந்தது;
பிறகு ஒரு டாக்டர், பிறகு ஒரு கல்யாண மண்டபம்,
பிறகு அதன்மேல் ஒரு வைக்கோல் போர்.
திருத்துறைப்பூண்டியில் லாரியிலிருந்து இறக்கியபோது
மட்கார்டுக்குள்ளிருந்து
ஒரு கைப்பிடி உப்புமண் கொட்டியது.

பத்திர ஆபீசில் எனக்கு வேலை.
நிலம் என்றால் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்,
முப்பது வருஷத்துக்கு, முத்திரையோடு.
வண்டிக்கு உளிதான்.

வியாகுலம் உளியை வைத்தான்.
பாளம் பாளமாய்ப் பெயர்ந்தது.
உள்ளே செய்தித்தாள், சுருட்டித் திணித்தது,
நெல் கொள்முதல் விலை பாதி வரி படிக்க முடிந்தது.
அதற்கும் உள்ளே ஒரு டால்டா டின்,
வெட்டி, விரித்து, ரிவெட் அடித்து.
கோபம் வரவில்லை.
பனைமரம் இன்னும் பச்சையாக இருந்தது.

கோபம் பிரேக் குழாயில் வந்தது.
வெடித்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றி
செப்புக் கம்பியால் இறுக்கி
மேலே கறுப்புப் பெயிண்ட்.
இதை நம்பி யாரோ
முள்ளியாற்றுப் பாலத்து இறக்கத்தில்
பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
வெட்டியெடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான் வியாகுலம்,
குழந்தை தொண்டையிலிருந்து எடுத்த புளியங்கொட்டையைப் போல.

விசாரித்துக்கொண்டு போனேன்.
மூன்று பட்டறை. மூன்று பேரும்
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.
“நம்ம கை இல்ல சார். இது முத்துப்பேட்டை வெல்டிங்கு.”
முத்துப்பேட்டையில் சொன்னார்கள்:
“மன்னார்குடிக்காரன் வேலை.
புள்ளியப் பாருங்க, கோழி எச்சமாட்டம்.”
மன்னார்குடிக்கு நான் போகவில்லை.

தரைத்தகட்டில் நான்கு ஓட்டைகள்.
துரு தின்றவை அல்ல, டிரில் போட்டவை,
மிகத் தாழ்ந்த இடமாகப் பார்த்து.
நான்கிலும் மருந்து பாட்டில் தக்கை,
மெழுகு தடவி.
எவ்வளவு பெரிய முட்டாள், என்றேன்.
ஆமாம் சார், என்றான் வியாகுலமும்.
தகடு வைத்து, பற்றவைத்து,
நகத்தால் வருடினாலும் தெரியாதபடி தேய்த்து மூடினோம்.
அதற்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது.
மூன்றாம் நாள் ஆறு தெருவுக்கு வந்தது.
அப்புறம் தெருவிலிருந்து வடிந்தது,
கொட்டகையிலிருந்து வடிந்தது.
காருக்குள் மட்டும் வடியவில்லை.
கதவைத் திறந்தேன். சீட்டுக்கடியில் ஒரு குட்டை.
கிளட்ச் பெடலைச் சுற்றிச் சுற்றி
ஒரு கெளுத்திக் குஞ்சு.

சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.
இடுப்பு விட்டுப்போனது.
எந்தப் புயல், எந்த வருஷம், தெரியாது,
இதே மாதிரி குனிந்து சொம்பால் இறைத்த ஒருவன்
மறுநாள் டிரில்லைக் கையில் எடுத்திருக்கிறான்.
டால்டாக்காரனா, வேறு யாரோவா.
சைக்கிள் டியூப் சுற்றிய அதே கையாகக்கூட இருக்கலாம்.
அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

“அதே இடமா சார்?” என்றான் வியாகுலம்.
அதே இடம்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பற்றின் நடுவில்
டிரில் இறங்கியது.

தக்கைக்குத்தான் அலைந்தேன்.
மருந்துக் கடையில் சிரித்தார்கள், இப்போது எல்லாம் பிளாஸ்டிக் மூடி.
பட்டறைக்குப் பின்னால் வீசியெறிந்த பழையவை
மிதக்கும் அல்லவா,
வெள்ளம் வேலியோரத்தில் மூன்றை விட்டுப் போயிருந்தது.

நான்காவதற்கு
ரப்பர் செருப்பைச் செதுக்கி அடைத்திருக்கிறேன்.
டிரைவர் சீட்டின் இடது முன்கால் அருகே.
பின்னால் திறந்து பார்க்கிறவர் திட்டிக்கொள்ளட்டும்.
ஒன்பதாம் நம்பர். நீல வார்.