கடல் மட்டத்திலிருந்து

எல்லா மலைகளும்
ஏதோ ஒரு துறைமுகத்தில்தான் தொடங்குகின்றன.
பாடப்புத்தகம் அதைச் சொல்வதில்லை.
'கடல் மட்டத்திலிருந்து' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
நேரே பனிக்குத் தாவிவிடும்.
கடலுக்கு ஏது மட்டம்?
ஒரு நிமிடமாவது சும்மா இருந்திருக்கிறதா அது?

அட்ரியாடிக் கரையில் ஓர் உப்புத்துறை.
பேரரசின் கழுகு முத்திரை பதித்த மரக்குடில்,
உள்ளே ஒரு கிணறு,
கிணற்றுக்குள் கடல்,
கடலுக்குள் கோடு கிழித்த பித்தளைக் கோல்.
மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும்.
பகல் மைத்துனனுக்கு.
இரவு பொர்த்தோலோ வஸ்கோத்தோவுக்கு,
முன்பு உப்பு வாரியவர்,
குதிகாலில் வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

ஓராண்டின் எண்களைக் கூட்டி வகுத்தால்
வருவது சுழியம்.
அந்தச் சுழியத்தின் தோளில்தான்
நாட்டு மலைகள் அத்தனையும் ஏறி நிற்கப்போகின்றன
என்று விளக்கிவிட்டுப் போனார் அதிகாரி.
பொர்த்தோலோ மலை ஏறியதே இல்லை.
தெளிந்த நாளில் வடக்கே வெள்ளையாய்த் தெரியும்,
யாரோ காயப்போட்டு மறந்த துணி மாதிரி.

ஜனவரியில் ஓர் இரவு போரா வீசியது.
அந்தக் காற்றை அறியாதவர்களுக்கு:
அது கழுதையை வண்டியோடு கவிழ்க்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் வந்தாள் ஓர்சொலா.
இரண்டு வயது ஃபோஸ்காவுக்குக் காய்ச்சல்,
கண் செருகி வலிப்பு.
விளக்கை அணைத்துவிட்டு ஓடினார்.

ஐந்து மணிக்குத் திரும்பியபோது
இரண்டு, மூன்று, நான்கு
மூன்று கட்டங்கள் வெறுமையாய்.
நிரப்பினார்.
எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. அறுபத்தாறு.
கை நடுங்கவில்லை.
அதுதான் பிறகு உறுத்தியது.

சுவரில் பித்தளைத் தகடு அடித்தார்கள்.
அளவுகோல்களும் முக்காலிகளும்
கழுதை முதுகில் ஏறி,
தேவாலயப் படியில், பாலத்தின் தூணில்
குறி செதுக்கிக்கொண்டே போய்
பனியைத் தொட்டன.
வியன்னாவில் அச்சான படத்தில்
ஒரு சிகரத்தின் பக்கத்தில் ஓர் எண் முளைத்தது.

ஒன்பது வயது ஃபோஸ்கா
ரொட்டியை மென்றுகொண்டே ஒப்பித்தாள்:
இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு மீட்டர்.
"ஏறக்குறைய" என்றார் அப்பா.
மறுநாள் அதையும் சேர்த்து ஒப்பித்து
பிரம்படி வாங்கி வந்தாள்.

அவள் உள்ளங்கையைப் பார்த்த பிறகுதான்
தகட்டைச் சோதிக்க வந்த அளவையாளர் ஹொலேச்செக்கிடம்
எல்லாவற்றையும் சொன்னார்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி,
வேலை போகும் என்று தெரிந்தே.

ஹொலேச்செக் சுருட்டுப் பெட்டியைத் திருப்பினார்,
பென்சிலை நாக்கில் தொட்டார்.
"அதிகம் போனால் அரைச் சாண் பிசகு.
மும்முறை.
எட்டாயிரத்து எழுநூற்று அறுபதால் வகுத்தால்...
மயிரிழை.
இல்லை இல்லை, அதிலும் பாதி."
சிரித்துக்கொண்டே ஒரு சுருட்டை நீட்டினார்.

பொர்த்தோலோ வாங்கவில்லை.
ஏழு வருடம்.
ஈஸ்டர்தோறும் பாதிரியாரின் சன்னல்முன் மண்டியிட்டு
நாக்கு நுனியிலிருந்து விழுங்கியது.
வடக்கே தெளியும் நாளெல்லாம்
தன் பொய்மேல் அந்த மலை தள்ளாடுவதாய்ப் பயந்தது.
அவ்வளவுதானா?
தண்டித்திருந்தால் ஆறியிருக்கும்.
கணக்கிலேயே வராமல் போனது சுட்டது.

வீட்டில் ஃபோஸ்கா தூங்கிக்கொண்டிருந்தாள்,
போர்வை ஏறி இறங்கியது.
சீப்பில் சிக்கிய அவள் முடியொன்றை உருவி
விளக்கருகே பிடித்தார்.
நீளவாக்கில் பிளக்க முடிகிறதா என்று
நகத்தால் முயன்றார்.
இரண்டு தடவை.
கோபுரத்தில் பதினொன்று அடித்தது.
முடியைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு
கோலைப் பார்க்கப் போனார்.