தன்மை ஒருமை

பீல் நகரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்:
தெருவுக்கு, பேருந்துத் தரிப்புக்கு,
மலசலகூடக் கதவுக்கும்.
மூன்றாவது மொழி நான்.
மணிக்கணக்கில் சம்பளம், பயணக்காசு தனி.

சேர்ந்த அன்று ஒரேயொரு விதி சொல்லித்தந்தார்கள்:
நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.
'அவ சொல்லுறா' என்று தொடங்காதே.
படர்க்கைக்கு இந்த அறையில் கதிரை இல்லை.

ஆகவே ஏழு வருடமாய்
எனக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது,
எனக்கு இடது காது கேட்கவில்லை,
போன மாசி மாதம் இரண்டு தடவை நான் தகப்பனானேன்.
பின்னேர ரயிலில்
எல்லாரையும் ஒவ்வொரு தரிப்பில் இறக்கிவிட்டு
வெறுமையாய் வீட்டுக்குப் போவேன்.

இன்று சுபாஜினி.
முப்பத்துநாலு. முதியோர் இல்லத்தில் சமையல்.
பதினாறிலிருந்து வயித்துக்குத்து.
கதிரையின் நுனியில் இருக்கிறாள்,
கறை பட்டுவிடுமோ என்று இருக்கிறவர்கள்
இருக்கிற மாதிரி.
அந்த இருப்பு எனக்குத் தெரியும்.

வலி, பூச்சியத்திலிருந்து பத்து வரை?
"ஐஞ்சு" என்றவள் என்னைப் பார்க்கிறாள்:
"ஐஞ்சு எண்டால் கூடவோ அக்கா?"
அதையும் ஜெர்மனில் சொன்னேன்.

மருத்துவர் ஏஷ்லிமன் திரையைத் திருப்புகிறார்.
கருப்பையின் உள்தோல், கருப்பைக்கு வெளியே.
சூலகத்தில், குடலில் படர்ந்து
மாதம் தவறாமல் தானும் இரத்தம் விட்டு,
வெளியேற வாசல் இல்லாமல்.
எனக்கு ஓர் உவமை வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
உவமைக்குக் காசில்லை.

பிறகு ஒரு தாள். ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு கிழமையில் நித்திரை? பசி?
நம்பிக்கையின்மை என்பது பள்ளிக்கூடத்துச் சொல்.
நான் கேட்டது:
"நாளைக்கு எண்டு ஒண்டு இருக்கிற மாதிரித் தெரியேல்லையோ?"

"எனக்கு விசர் இல்லை.
அதை முதல்ல சொல்லுங்கோ."

விசருக்கு ஜெர்மனில் பத்துச் சொல்லாவது உண்டு.
ஒன்றிலும்
ஒழுங்கையில் பிள்ளைகள் கல்லெறியும் சத்தம் இல்லை.
ஒன்றை எடுத்துச் சொன்னேன்.

"பதினெட்டு வருட வலி" என்றார் மருத்துவர்,
"ஒவ்வொரு மாதமும் அது வரும் என்று காத்திருந்த மனம்.
இது விசர் இல்லை.
நாங்கள்தான் இரண்டையும்
இரண்டு கட்டிடமாய்க் கட்டி வைத்திருக்கிறோம்,
நடுவில் கார் நிறுத்துமிடம்."

சுபாஜினி கனநேரம் பேசவில்லை.
பிறகு நிற்காமல் பேசினாள்.
"மாசத்தில பத்து நாள் நான் ஆரெண்டு எனக்கே தெரியாது.
மகனுக்கு அடிச்சுப்போட்டு
குளியலறைத் தண்ணியைத் திறந்துவிட்டு அழுவன்,
சத்தம் கேக்காமல்.
ரயில் வரேக்க வெள்ளைக் கோட்டுக்குப் பின்னாலதான் நிப்பன்.
ஆனா என்ர காலை நான் நம்பிறேல்ல."

என் கால்களை நான் நம்புவதில்லை, என்றேன்.

"எப்போதிருந்து?"

"இரண்டாவது ஒப்பரேசனுக்குப் பிறகு" என்றேன்.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார்.
முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார்.
"ஒப்பரேசன் ஒன்றும் பதிவில் இல்லையே?"

சூடாக்கி ஒருமுறை டிக் என்றது.
சுபாஜினியிடம் அந்தக் கேள்வியை
நான் கேட்டிருக்கவே இல்லை.

"என்ன சொன்னனீங்கள் அக்கா?"

அறையில் பேசப்படும் எதையும்
மறைக்கக்கூடாது என்பதும் விதி.
சொன்னேன். தமிழில்.
அம்மாவுக்குச் சொல்லாததை,
அவருக்கு 'சின்னக் கட்டி' என்று சொல்லி முடித்ததை.
இரண்டு வெட்டு. பிறகு வந்த அந்த மார்கழி.
சொற்கள் எல்லாம் இருந்தன,
ஏழு வருடமாய் மற்றவர்களுக்கென்று
அடுக்கி வைத்தவை.

அவள் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்,
வந்ததிலிருந்து முதல் தடவையாக.
"எனக்கு ஐஞ்சு இல்லை, எட்டு" என்றாள்.
பிறகு என்னைக் காட்டி, மருத்துவரைப் பார்த்து:

"அவவையும் கேளுங்கோ."

விதிப்படி,
ஒரு சொல்லும் விடாமல்,
அதையும் ஜெர்மனில் சொன்னேன்.