பவுடர் பூசிய எஞ்சின்

டேப்பட் கவர்தான் என்றார்கள் எல்லாரும்.
மூன்று பேக்கிங் மாற்றியாகிவிட்டது.
தங்கச்சிமடத்தில் வண்டி நின்ற இடமெல்லாம்
வெள்ளை மணலில் கறுப்புப் பொட்டு.

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து,
பெர்பெத்துவின் முகப்பவுடரை
எஞ்சின் முழுக்கத் தட்டினேன்.
"பதினெட்டு வயசாச்சுல்ல,
மாப்பிள்ளை வீட்டுலருந்து வர்றாகளா?" என்றாள்.

ஐஸ் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு
உச்சிப்புளி வரை போய்த் திரும்பினேன்.
பாலத்தில் கச்சான் குறுக்கே தள்ளியது.
இறங்கிக் குனிந்தால்
பவுடரில் ஈரமாய் ஒரு கோடு,
நண்டு ஓடிய தடம்போல,
ஸ்ப்ராக்கெட் மூடிக்கு அடியிலிருந்து.

நாற்பது ரூபாய் சீல்.
மாட்டி, கீழே அட்டை விரித்துப் படுத்தேன்.

விடியலில் அட்டையில் ஒரே ஒரு சொட்டு.
பனியோ, மீன் தண்ணியோ.
தொட்டுப் பார்க்காமல்
ஏலத்துக்குக் கிளம்பிவிட்டேன்.