எண்பத்து நான்கு பக்கங்கள்

ஸ்கார்பரோவில் அன்று உறைமழை.
விடிகாலை நாலு பத்துக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது.
சர்வர் எழவில்லை.

பேரிடர்த் திட்டம் நான் எழுதியது.
எண்பத்து நான்கு பக்கங்கள், மூன்று இணைப்புகள்,
மேலிடத்துப் பாராட்டு மடல் ஒன்று.
எல்லாம் சர்வருக்குள்.

ஆறு மணிக்கு டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் பதினேழு பேர்.
யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது,
யாரைப் படியிறக்க ஆள் வேண்டும்,
ஒன்றும் தெரியாமல்
கறுத்த திரையில் என் முகத்தையே பார்த்திருந்தேன்.

வரவேற்பு மேசை ரொவீனா
இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள்.
வெள்ளிதோறும் அவள் அச்சடித்து வைக்கும் பட்டியல்.
‘காகிதம் வீண்’ என்று
போன தணிக்கையில் நான் அவளுக்கு எழுதிய குறிப்பும்
அதற்குள்ளேதான், நாலாய் மடித்து.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலை நீட்டினாள்.
“ஒன்பதாவது ஆள், குகதாசன். காது மந்தம்.
மணி நீள அடிக்கட்டும், வைத்துவிடாதே.”

பனி வாரும் வண்டிக்கார டேரன்
போகிற வழியில் மூவரை ஏற்றி வந்தான்.
அது எந்த இணைப்பிலும் இல்லை.

பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள்.
பதினேழாமவர் பக்கத்து வீட்டில்
மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாராம்.
அவரை மட்டும் திட்டினாள்.

இப்போது புதுத் திட்டம் எழுதுகிறேன்.
முதல் பக்கம்: பிஸ்கட் டப்பா, இடது இழுப்பறை,
சாவி ரொவீனாவிடம்.

ரொவீனா விடுப்பில் போனால்?

இரண்டாம் பக்கம்
மூன்று நாளாய் அங்கேயே நிற்கிறது.