ஈரக் கோடு

நெடுஞ்சாலைத் துறையில்
கோடு போடுவது என் வேலை.
லாரியின் வாலில் ஒரு இரும்பு இருக்கை,
மணிக்கு எட்டு மைல்.
நெப்ராஸ்காவில் இந்தப் பக்கம் சோளம்,
அந்தப் பக்கமும் சோளம்,
நடுவில் மாட்டு லாரிகள்.

இந்த வருடம் புது வரைபடம் வந்தது.
லாரிகளுக்கு இடம் போதவில்லையாம்.
வெள்ளைக் கோடு பத்து அங்குலம்
வெளியே தள்ளிப் போக வேண்டும்.
மூன்றடியாக இருந்த ஓரம்
இனி இரண்டடி இரண்டங்குலம்.
அதிலும் பாதியைத்
தூங்கும் டிரைவரை உலுக்கி எழுப்பவென்று
வரிவரியாகக் கொத்தி வைத்திருக்கிறார்கள்.
"மிச்சத்தில் யார் போகப் போகிறார்கள், மார்லிஸ்?"
என்றார் மேலாளர் ஸ்வோபோடா.
ஓரத்தில் செய்வதால்தானோ
அதற்கு ஓரவஞ்சனை என்று பேர்.

யார் போகிறார் என்று எனக்குத் தெரியும்.
விடிவதற்குள், ஐந்தே காலுக்கு,
இறைச்சி ஆலையின் இரவு ஷிப்ட் முடிந்து
ஒரு சைக்கிள் வரும்.
ஹேண்டில்பாரில் ரப்பர் பூட்ஸ் இரண்டும்
ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு.
அவனுக்கு முன்பே வந்து சேரும்
குளோரின் வாடை.
ஒருமுறை பெட்ரோல் பங்கில் பெயர் கேட்டேன்.
எவுலாலியோ.
டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்,
காற்றுக்கும் இரண்டு டாலர் வாங்குகிற இடத்தில்.

வியாழக்கிழமை, கோடு போட்டு முடித்து
கூம்புகளை எடுக்கத் திரும்பினோம்.
ஈரம் காய்வதற்குள் அவன் கடந்திருந்தான்.
என் கோட்டிலிருந்து பிரிந்து
விரல் அகலத்தில் இன்னொரு வெள்ளை.
லாரியை நிறுத்தச் சொல்லி
அதன் கூடவே நடந்தேன்.

பாட்டில் சில்லுகளுக்கு ஒரு வளைவு.
செத்த ரக்கூனுக்கு இன்னொன்று.
கொத்திய இடங்களில்
பல் கிட்டித்தவன் போட்ட கையெழுத்து.
மங்கி, மங்கி,
இல்லாமலே போகிற நேரத்தில்
குரோ ஓடைப் பாலம்.

அங்கே ஓரம் கிடையாது.
கான்கிரீட் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என் கோடு.
அதன் மேல் ஒற்றை ஷூத் தடம்,
குதிகால் மட்டும் ஆழமாக.
காலை ஊன்றித்
திரும்பிப் பார்த்திருக்கிறான்.
அப்புறம் ஈரத்தை மிதித்து, கோட்டைத் தாண்டி,
லாரிகளின் தடத்துக்குள்,
நேராக,
எங்கும் நடுங்காமல்
நூற்றிருபது அடி.

டேப்பை விரித்து அளந்துதான் சொல்கிறேன்.

"கருப்பு அடித்துவிடு" என்றார் ஸ்வோபோடா.
தப்புக் கோடுகளுக்கென்று
எப்போதும் ஒரு டின் வைத்திருப்போம்.
ரக்கூன் வரை அடித்தேன்.
பள்ளங்கள் வரை அடித்தேன்.
பாலத்துக்கு வந்ததும்
பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றேன்,
அவர் டின்னைத் தூக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று
காலால் நகர்த்தியபடி.

அன்றைய படிவத்தில்
'குறைபாடு' என்றொரு கட்டம்.
பத்தொன்பது வருடமாக
'இல்லை' என்றே எழுதி வந்தேன்.
அன்று எழுதினேன்:
பாலத்தில் ஓரம் இல்லை. ஆள் போகிறார்.

பதில் எதுவும் வரவில்லை.

மறுநாள் ஐந்தே காலுக்குப்
பாலத்தின் இந்தக் கரையில் நின்றிருந்தேன்.
காய்ந்துபோன தன் வெள்ளை மேலேயே
அவன் வந்துகொண்டிருந்தான்.
பின்னால் மாடுகளை இறக்கிவிட்டு வரும்
காலி லாரி ஒன்று
பாலம் முடியும் வரை ஹாரன் அடித்தது.
அவன் திரும்பவில்லை.
பூட்ஸ் மட்டும் ஆடிக்கொண்டே வந்தது.