தொண்ணூற்று மூன்று பாகை

"இடக்கையா வலக்கையா?" என்றான் கடைப் பொடியன்.
எழுதுவது வலக்கை என்றேன்.
சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு!
மேசையின் நீட்டுப் பக்கம் எங்கால போகவேணும், அக்கா,
கதிரையில இருந்து பார்த்தா?

கட்டில்களுக்கும் அலுமாரிகளுக்கும் நடுவில்
இல்லாத கதிரையில் இருந்து பார்த்தேன்.
இல்லாத யன்னலின் வெயில்
கண்ணில் குத்தியது.
வலம் என்றேன்.
மறுகா, இல்லை, இடம் என்றேன்.
பில்லில் எழுதி, வெட்டி, எழுதினான்.

ஆரையம்பதித் தச்சரும் வந்து அளந்துதான் போனார்.
கடைப் பலகை கல்லடி உப்புக் காத்துக்கு ஊதும், பிள்ளை,
தேக்கில் செய்வம், நாற்பத்தைந்து நாள்.
அவருடைய நாற்பத்தைந்தை
என் மச்சாள் இரண்டு வருடமாக எண்ணுகிறாள்,
கதவில்லாத அலுமாரிக்குள் சேலை அடுக்கியபடி.

எனக்குப் பொறுக்காது.
நாலு வருடம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில்
வேலை பார்த்தவள் நான்.
கல்கரியில் ஒரு பல் வைத்தியசாலை.
யாருக்கு எந்தப் பல் அடைத்தது,
காப்புறுதி எவ்வளவு தந்தது, எவ்வளவு தரவில்லை,
இரவிரவாகக் கணக்கை நேராக்குவது என் தொழில்.
மீன்குழம்புச் சட்டிக்கும் கணினிக்கும் நடுவில்
ஒரு முழம்கூட இல்லை.
ஒருநாள் கூட்டத்தில் கேட்டார்கள்:
உன் தோளுக்குப் பின்னால் என்ன அது?
உப்புப் போட்ட மாங்காய்.

மூன்று பெட்டியில் வந்தது மேசை.
புத்தகத்தில் எழுத்தே இல்லை.
மூக்கில்லாத ஒரு மனிதன் எல்லாப் படத்திலும் சிரிக்கிறான்.
அவனுக்கு வேர்க்கவில்லை.
அவன் வீட்டில் கரண்ட் போகவில்லை.
அவன் பக்கத்தில் தவேந்திரன் நின்று
"நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லவில்லை.

ஏழாம் படத்தில் தலைகீழாகப் பூட்டிய பலகை
பதினாறாம் படத்தில்தான் பல்லைக் காட்டியது.
ஒன்பது படம் பின்னால் நடந்தோம்,
ஒவ்வொரு திருகாணியாகக் கிறுக்கிக் கழற்றி
ரின்பால் மூடியில் போட்டுக்கொண்டு.
கைபேசி வெளிச்சம் நிருத்திகாவின் பொறுப்பு.
அவள் கூரையில் பல்லி தேடினாள்.

பத்தரைக்கு மேசை எழும்பி நின்றது.
ஆறடி ஒரு பக்கம், ஐந்தடி ஒரு பக்கம்,
மூன்று லாச்சி.
மூலைக்குத் தள்ளினோம்.
நீட்டுப் பக்கம் சுவரோடு ஒட்டியது.
மற்றது ஒட்டவில்லை.
மூலையில் மயிரிழை, போகப் போக விரிந்து
நுனியில் நாலு விரல்.

மேசை கோணல் என்றார் அவர்.
காசு கட்டுகிறவள் நான்,
சுவர் கோணல் என்றேன்.
நிருத்திகா கணிதப் பெட்டியைத் திறந்து
தரையில் படுத்து
பாகைமானி வைத்தாள்.
மேசை தொண்ணூறு.
சுவர் தொண்ணூற்று மூன்று.

வங்கிக் கடனில் இழுத்துக் கட்டிய அறை இது.
கிழக்குச் சுவர் எழும்பிய அன்று
மேசனுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.
நான் பெரியாஸ்பத்திரியில்.
அவர் வாட்டு வாசலில்.
பாகைமானி பிடித்திருக்கிறவள்
இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.
"நூல் பிடிச்சிருக்க மாட்டானுகள்."
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
"வியாழக்கிழமை என்ன?" என்றார்.
வியாழக்கிழமைதான் என்றேன்.
நிருத்திகா நிமிரவில்லை,
இரண்டாம் தரமும் அளந்துகொண்டிருந்தாள்.

சீமெந்து பூசி நிரப்பலாம் என்றார்.
விடுங்க, வயர் போக வழி வேணும்தானே.

திங்கள். கல்கரியில் காலை ஒன்பது,
கல்லடியில் இரவு எட்டரை.
அவர்களுக்குத் தெரிவது என் முகமும்
பின்னால் ஒரு துண்டுக் கதவும்.
நேற்றையைப் போலவே இருக்கிறாய் என்கிறார்கள்.
ஓம் என்கிறேன்,
படத்துக்கு வெளியே
முழங்கை இரண்டையும்
போகிற மட்டும் விரித்து வைத்துக்கொண்டு.