அறுபத்தாறு பாகை

கையேட்டை எழுதியவர்
வெயில் உள்ள ஊர்க்காரர்.
‘நல்ல வெயில் நாளாகப் பார்த்துப்
பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள்’
என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்,
உப்பு தேவையான அளவு என்பதைப் போல.

இங்கே நவம்பரில் மலை
சூரியனை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும்.
ஜனவரிக் கடைசியில்தான் திருப்பித் தரும்.
ஐஸ்லாந்தின் மேற்கு ஓரம்,
மீன் ஆலைக்குப் பக்கத்துப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு, பதினோரு பேர்.
மேசைமேல் கழுவிக் கவிழ்த்த பால் பெட்டிகள்,
இடக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று,
அதற்குச் சண்டை போட இரண்டு பேர்.

‘காகித மீன் செய்வோமா?’ என்று கேட்டுப் பார்த்தேன்.
‘மீன் போன வருஷமே செய்தாச்சு’ என்றாள் உக்லா.

சரி. நிழல் கடிகாரமே செய்வோம்.
முக்கோணத்தின் சாய்வு ஊருக்கு ஊர் மாறும்.
எங்கள் ஊருக்கு அறுபத்தாறு பாகை,
ஏறக்குறைய எழுந்தே நிற்கிற சாய்வு.
பாகைமானியைத் தலைகீழாய்ப் பிடித்த நால்வருக்கு
வேறேதோ ஊர் அமைந்துவிட்டது.
ஸ்டெய்ன்தோர் அட்டையோடு சேர்த்து
ஸ்வெட்டர் நுனியையும் வெட்டினான்.
பசைக்குச்சியின் மூடி எங்கே போயிற்றென்று
இன்றுவரை தெரியாது.

பெர்சி எதிர்த்திசையில் ஒட்டிவிட்டான்.
அவன் கடிகாரத்தில்
சாயங்காலம் முடிந்த பிறகு காலை வரும்.
பிய்த்து ஒட்டலாம் என்றேன்.
‘வேண்டாம், எனக்கு இது பிடிச்சிருக்கு.’

யாக்னா மட்டும் எண்கள் எழுதாமல் யோசித்தாள்.
போலந்திலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.
‘அப்பா ஆலையிலிருந்து வருவது ராத்திரி பத்து மணிக்கு.
அதை எங்கே எழுதுவது?’
வெயில் கடிகாரத்தில் ராத்திரி கிடையாது என்று
சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் அட்டையைத் திருப்பி
முதுகுப் பக்கம் பெரிதாகப் பத்து போட்டுவிட்டாள்.

விளக்கை அணைத்து, டார்ச் பிடித்துச் சோதித்தோம்.
ஒவ்வொருவருக்கும் ஒரு பகல்.
உக்லாவின் பகல் நிதானமாக நகர்ந்தது.
பெர்சியின் பகல் ஒன்பதே நொடி,
விடிந்த வேகத்தில் அடைந்து
மேசைக்கடியில் உருண்டு போனது.

சூரியன் வரவேண்டிய நாளில் மேகம்.
அதற்காகச் சுட்ட பான்கேக்கை
மேகத்தின் கீழேயே சாப்பிட்டோம்.
மறுநாள் பனிமழை.
மூன்றாம் நாள் கணக்குப் பாடத்தின் நடுவே
யாரோ கத்தினார்கள்.
காலணி மாறிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

இரண்டு முகடுகளுக்கு இடையிலான பள்ளத்தில்
வந்திருந்தது,
வாசலில் தயங்கி நிற்கும் விருந்தாளியைப் போல,
உள்ளே முழுதாய் வராமல்.

பனிமேல் வரிசையாக அட்டைகளை வைத்தோம்.
அப்புறம்தான் கண்டோம்,
கையேட்டில் இல்லாத ஒன்றை:
விரல் உயர முக்கோணத்துக்கு
ஒரு கை நீள நிழல்.
அட்டையில் நிற்கவில்லை அது.
எண்களைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி,
பெர்சியின் மதியம் யாக்னாவின் அட்டைமேல் போய்
விழுந்து கிடந்தது.
அவள் குனிந்து,
கையுறையைக் கழற்றிய விரலால்
நிழல் முடிகிற இடத்தில், பனியில்,
பன்னிரண்டு என்று எழுதினாள்.

‘உள்ளே சுவரில் ஒன்றே முக்கால் ஆச்சே’ என்றாள் உக்லா,
‘எது சரி?’
பதினோரு முகங்கள் என் பக்கம் திரும்பின.
சுவர்க் கடிகாரம் வேறு ஊர்ப் பகலைப் பார்த்து ஓடுவது என்று
தொடங்கினேன், தடுமாறினேன்.
ஸ்டெய்ன்தோர் சொன்னான்:
‘சுவரில் இருப்பதற்கு பாட்டரி போடணும்.’
அத்தோடு வழக்கு முடிந்தது.

ஆறு நிமிடம்.
பிறகு மலை கை நீட்டி வாங்கிக்கொண்டது.

கடிகாரங்களை வெளியிலேயே விட்டுவிட்டோம்,
நாளைக்கு வேண்டுமே.
ஜன்னல் வழியே பார்த்தால் தெரிகிறது
பால் பெட்டியின் ஓரத்தில்
நாங்கள் வெட்டாமல் விட்ட வரி:
குளிரான இடத்தில் வைக்கவும்.